அன்னாரை விசாரிக்க அனுமதி இல்லை

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். தினமும் ஒன்பதரைக்குப் போடுற கேட்டை இன்னிக்குன்னு பார்த்து ஒன்பது பத்துக்கே போட்டுட்டான், டிரைவர் எஞ்சினை அணைச்சுட்டு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டே இறங்கி டீக்கடைப் பக்கம் போயாச்சு, அப்படின்னா இது அஞ்சு நிமிஷத்துல ஆகுற காரியம் இல்லை, கூட்ஸ் வந்து போய், அதுக்குப் பின்னாடி பாசஞ்சர் வந்து போய், அப்புறம்தான். ஸ்கூட்டரை மெக்கானிக்கிட்ட விட்டது என் தப்பு. ஊருக்கு நடுவுல இருந்த கோர்ட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் பொட்டல்ல கட்டினது சர்க்காரோட தப்பு. யார் யாரோட தப்பை வேணாலும் வரிசையா எடுத்துச் சொல்லுவேன், அதுதான் என் தொழில், ஆனா எதைச் சொன்னாலும் இந்த பஸ்ஸுக்குள்ள, எனக்கு எதிர் வரிசையில, கையை நீட்டினா தொடுற தூரத்துல அந்த ஆள் உட்கார்ந்திருக்கான்ங்கிறது மாறப் போறதில்லை. உட்கார்ந்திருக்கார். பாரேன், இப்பக்கூட எடுத்த எடுப்புல அவன் இவன்னுதான் வருது. இருபத்தெட்டு வருஷமா கூண்டுல நிக்கிறவங்களை அப்படியே பேசிப் பழகின வாய். நான் அரசு வழக்கறிஞர், போலீஸ் பிடிச்சுக்கிட்டு வர்ற ஆளுக்கு எதிரா சர்க்காருக்காக கோர்ட்ல நிக்கிறவ. எங்க பாஷையில குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரின்னு பேரு. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. இந்த ஆளோட வழக்குல ஒரே எதிரிதான். சோலைமலை, தகப்பன் பேர் வீரணன், சென்ட்ரிங் வேலை, அங்க அடையாளம் இடது காது மடல்ல பழைய வெட்டு. அந்தக் காதைத்தான் இப்போ பார்த்துக்கிட்டு இருக்கேன். முடி பூரா நரைச்சுப் போச்சு, கன்னம் ஒட்டிப் போச்சு, காது மட்டும் குற்றப்பத்திரிகையில இருந்தபடியே இருக்கு.

என்னைப் பார்த்துட்டாரா? ஏறும்போது கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், கண்டக்டர் "பெரியவரே, எடம் கெடக்குல்ல, உக்காருங்க"ன்னு சொன்னதும் உட்கார்ந்தார். பெரியவராம். என்னைவிட ஆறு வயசு சின்னவர், நான் கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், கைதானப்போ முப்பத்தாறு, இப்போ அம்பத்தொண்ணு. மடியில ஒரு மஞ்சப்பை. ரெண்டு கையாலயும் அதை அமுக்கிப் பிடிச்சிருக்கார். உள்ள என்ன இருக்கும்? நீளமா எதுவும் துருத்திக்கிட்டு இல்லை. சின்னதா இருந்தா வெளிய தெரியாது. சீ, என்ன புத்தி இது, அந்த ஆள் கையில மஞ்சப்பையைப் பார்த்தா எனக்குக் கத்தி ஞாபகம் வருது, ஏன், ஒரு சாப்பாட்டு டப்பா ஞாபகம் வரக்கூடாதா? அவர் யாரையும் வெட்டலைன்னு மேல்கோர்ட்டே சொல்லி விடுதலை பண்ணி ஏழு வருஷமாச்சு, நான் மட்டும் இன்னும் அவர் கையில அரிவாளைக் கொடுத்துக்கிட்டே இருக்கேன். ஜன்னல் ஓரமா ஒரு காலேஜ் பொண்ணு காதுல வயரைச் சொருகிக்கிட்டு என் தோள்ல சாய்ஞ்சு தூங்குது, அதை எழுப்பி இடம் மாறி உட்காரலாம். எழுப்பினா ஏதாச்சும் பேசணும், பேசினா குரல் கேட்கும். கோர்ட்ல என் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும், அப்படி ஒரு பெருமை எனக்கு. வேண்டாம். முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கிட்டேன், வெயிலுக்குப் போடுற மாதிரி. வெயில் அந்தப் பக்கம் அடிக்குது.

நான் ஏன் பயப்படணும்? அதான் உத்தரவு வந்தாச்சே. போன வியாழக்கிழமை டெபுடி டைரக்டர் போன் பண்ணி, "மேடம், ஸ்வீட் எப்போ?"ன்னார். எனக்கு நெஞ்சு அடைச்சது, சந்தோஷத்துலதான், பொய் சொல்லப்படாது, சந்தோஷத்துலதான் அடைச்சது. இந்த சோலைமலை என் மேல வழக்குப் போடணும்னு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மனு போட்டார். போட்ட உடனே போட்டுட முடியாது. சர்க்கார் உத்தியோகத்துல இருக்கிறவங்க வேலை பார்க்கும்போது செஞ்ச காரியத்துக்காக அவங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்னா முதல்ல சர்க்கார் அனுமதி கொடுக்கணும். என்னைக் கேள்வி கேட்கலாமா கூடாதான்னு எனக்குச் சம்பளம் கொடுக்கிறவங்கதான் முடிவு பண்ணணும். அஞ்சு வருஷமா அந்த ஃபைல் ஒரு மேஜையில இருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கிட்டே இருந்தது, ஒவ்வொரு மேஜையும் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது, கடைசியில கொடுக்கலை. அனுமதி மறுப்பு. வீட்டுக்காரர் "அப்பாடா"ன்னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போய் எல்லார் கையிலயும் கொடுத்தேன், பென்ச் கிளார்க் "என்ன மேடம் விசேஷம்?"னு கேட்டான், பேரன் பொறந்திருக்கான்னு சொன்னேன். பேரன் பொறந்து நாலு மாசம் ஆச்சு. அந்தக் கேசரி எனக்கு ஒரு வாய்க்கு மேல இறங்கலை. நெய் ஜாஸ்தியாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்தச் சீட்டு. ஒரு சாண் காகிதம், கார்பன் வெச்சு எழுதினது. காயம்பட்ட ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தா, டியூட்டி டாக்டர் முதல் வேலையா அந்த ஆளைக் கேட்பார், எப்படிப் பட்டுச்சு, யார் அடிச்சான்னு, சொல்றதை அப்படியே பதிவேட்டுல எழுதுவார், அதோட நகல் அது. மளிகைக்கடை சந்தானம் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறப்போ வழியில மறிச்சுத் தோள்ல வெட்டிட்டுப் பையைப் பறிச்சுக்கிட்டாங்க. முதல்ல தூக்கிக்கிட்டுப் போனது பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு, அங்க கட்டுப் போட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பெரிய ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் கேஸ்கட்டுல இருந்தது, சின்ன ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. சாட்சியெல்லாம் முடிஞ்சு, தீர்ப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது கோர்ட் ஏட்டு மகாராஜன் கொண்டு வந்தார். "மேடம், இது ஸ்டேஷன் மேஜை டிராயர்ல கெடந்துச்சு, கேஸ்கட்டுல சேரல, எதுக்கும் நீங்க ஒரு தடவ பாத்துருங்க." பார்த்தேன். முன்பின் தெரியாத மூன்று நபர்களால் வெட்டப்பட்டதாகக் காயம்பட்டவர் கூறினார். மூணு பேர். முன்பின் தெரியாதவங்க. நாலு நாள் கழிச்சுத்தான் அதே சந்தானம் ஒத்தை ஆளைச் சொன்னார், நல்லாத் தெரிஞ்ச ஆளை, தன் கடைக்கு மாடி போட்டப்போ பலகையைப் பிரிக்கிற விஷயத்துல சண்டை போட்டுக்கிட்ட சோலைமலையை. இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்தாரா, இவராச் சொன்னாரான்னு தெரியாது, ரெண்டு பேருமே இப்போ உயிரோட இல்லை. அந்தச் சீட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தா வழக்கு அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அதை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியது என் கடமை. எனக்கு அது தெரியும், ஜூனியர்களுக்கு நானே அதைக் கிளாஸ் எடுத்திருக்கேன்.

நான் செஞ்சது என்னன்னா, சுருக்கொப்பம் போட்டேன். அதைத்தான் நினைச்சு நினைச்சு இன்னிக்கும் நடு ரோட்டுல சிரிக்கிறேன், அழறேன். எங்க ஆபீஸ்ல எந்தக் காகிதம் மேஜைக்கு வந்தாலும் மூலையில 'பார்த்தேன்'னு எழுதி சுருக்கொப்பமும் தேதியும் போட்டுடணும், முதல் நாள் என் சீனியர் பழக்கினது, காப்பித்தூள் விளம்பரம் வந்தாக்கூட கை தானாப் போட்டுடும். மறைக்கணும்னு நினைக்கிறவ அதைக் கிழிச்சிருப்பா, இல்லை, எரிச்சிருப்பா. நான் பார்த்தேன்னு எழுதி, மீ. போட்டு, தேதி போட்டு, பீரோவுல பழைய கட்டுக்குள்ள செருகிட்டேன். ஆறு வருஷம் கழிச்சு மேல்கோர்ட் எல்லாத்தையும் கொண்டான்னு சொன்னப்போ குமாஸ்தா கட்டோட தூக்கிக் கொடுத்தான். என் எழுத்தே எனக்குச் சாட்சியாப் போய் நின்னுடுச்சு. தீர்ப்புல என்னைப் பத்தி ஒரே ஒரு வரி, அதை மட்டும் நான் நூறு தடவை படிச்சிருப்பேன். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, மூணு பக்கம் எழுதினேன். காவல்துறை கொடுத்த ஆவணப் பட்டியல்ல அது இல்லைன்னு எழுதினேன், அது நிஜம். வேலைப்பளுவுல கவனிக்காம கையெழுத்துப் போட்டிருக்கலாம்னு எழுதினேன், அது பாதி நிஜம்கூட இல்லை. அவர்தான் செஞ்சார்னு நான் மனசார நம்பினேன்னு எழுதினேன். நம்பினேனா? நம்பினதா ஞாபகம் இல்லை. நம்பலைன்னும் ஞாபகம் இல்லை. அந்த ஆளைப் பத்தி நான் எதுவுமே நினைக்கலை. வேற ஒண்ணு இருக்கு, அதை மூணு பக்கத்துல எங்கேயும் எழுதலை, வீட்டுக்காரர்கிட்ட சொன்னதில்லை, சாமிகிட்ட கூட அதுக்குப் பக்கத்துல வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன். கூட்ஸ் வர்ற சத்தம் கேட்குது. எத்தனை பெட்டின்னு எண்ணலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணும்போதாவது சும்மா இருக்குமே இந்த மனசு. இருக்கலையே.

"அம்மா." பதினேழாவது பெட்டியில கூப்பிட்டார். என்னைத்தான். திரும்பலை. "அம்மா, ஒங்களத்தான்." திரும்பினேன். நேருக்கு நேர் அந்த முகம். ஒண்ணும் நடக்கலை. கண்ணுல ஒரு அசைவு இல்லை, ரேஷன் கடையில முன்னாடி நிக்கிறவங்களைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். "கோர்ட்ல வேலையாம்மா? வெள்ளச் சேலையப் பாத்துக் கேக்கேன், தப்பா எடுத்துக்கிறாதீங்க." தலையை ஆட்டினேன். "ரைட்டரம்மாவா?" அதுக்கும் ஆட்டினேன், ஐயோ, அதுக்கு ஏன் ஆட்டினேன். அவர் மஞ்சப்பையைத் திறந்தார். பக்கத்துப் பொண்ணோட கையை இறுக்கிப் பிடிச்சேன், அது முழிச்சு என்னை முறைச்சுட்டு மறுபடி கண்ணை மூடிக்கிச்சு. பையில இருந்து வந்தது ஒரு பழுப்பு கவர். "நேத்து தபால்ல வந்துச்சும்மா. தமிழ்லதேன் இருக்கு. நானும் எட்டாப்பு படிச்சவந்தேன். நாலு தடவ படிச்சுட்டேன், ஒரு எழவும் வெளங்கல. வக்கீலய்யாகிட்ட காட்டத்தேன் போறேன், அவரு பதினோரு மணிக்குத்தேன் வருவாரு. அதுக்குள்ள மனசு கெடந்து அடிச்சுக்கிருது. கொஞ்சம் என்னான்னு பாத்துச் சொல்லுங்கம்மா." கவரை நீட்டினார். அவர் விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்ன வெடிப்பு. கை நீட்டி வாங்கிக்கிட்டேன். அந்தக் காகிதம் எனக்கு மனப்பாடம், அதோட இன்னொரு நகல் என் கைப்பைக்குள்ள இந்த நிமிஷம் மடிச்சு இருக்கு.

படிச்சேன். படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டினேன். திருமதி சு. மீனலோசனி, அப்போதைய உதவி அரசு வழக்கறிஞர், தமது அலுவல் சார்ந்த கடமையை நிறைவேற்றும் போக்கில் செயல்பட்டுள்ளார் என்றும், வழக்கமான அலுவலக நடைமுறையில் சுருக்கொப்பமிட்டிருக்கக்கூடும் என்றும், அன்னாரது செயலில் உள்நோக்கம் இருந்ததாகக் கருத இயலவில்லை என்றும், எனவே அன்னார் மீது நீதிமன்ற நடவடிக்கை தொடர அனுமதி இல்லை என்றும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. சுருக்கமாச் சொல்லுடி. ஒரு வார்த்தை, இல்லைன்னு ஒரு வார்த்தை, சொல்லிட்டு எழுந்து இறங்கி கேட்டைத் தாண்டி நடந்து போயிடலாம், ஆட்டோ கிடைக்கும். "அன்னார், அன்னார்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கே, அது யாரும்மா? நாந்தேனா?" "இல்ல. அந்தம்மாவைத்தான் அப்படிப் போட்டிருக்காங்க. மரியாதைக்குப் போடுறது." "ஓ, மரியாதைக்கா"ன்னார். கேலி எதுவும் இல்லை குரல்ல, தெரிஞ்சுக்கிட்டார், அவ்வளவுதான். "சரி, முடிவா என்னா சொல்றாக?" கூட்ஸோட கடைசிப் பெட்டியும் போயிடுச்சு, திடீர்னு பஸ்ஸுக்குள்ள அமைதியா இருந்தது, நான் சொல்றது எல்லாருக்கும் கேட்கும்போல இருந்தது. "அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு." "அப்படின்னா?" "அவங்க மேல கேஸ் போட முடியாது." "போட முடியாட்டிப் போகுது. கூப்பிட்டு வெச்சு ஒரு வார்த்த கேக்குறது? அதாச்சும் உண்டுல்ல?" "அதுவும் முடியாது." அவர் வெளிய தண்டவாளத்தைப் பார்த்தார். "ஜட்ஜய்யாவக் கேக்க முடியாதுன்னு வக்கீலு மொதல்லயே சொல்லிட்டாரு. இன்ஸ்பெக்டரு செத்துப்போனாரு. சாட்சி சொன்ன மொதலாளியும் செத்துப்போனாரு. இந்தம்மா ஒருத்திதேன் பாக்கின்னு இருந்தேன்."

பாக்கி. அந்த வார்த்தையை அவர் சாதாரணமாத்தான் சொன்னார், எனக்குத்தான் காதுல நின்னுக்கிச்சு. கூப்பிடவே மாட்டாங்கன்னு உத்தரவு வந்த அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன், அஞ்சு வருஷத்துல முதல் தடவை. விடியக்காலம் எழுந்ததும்தான் ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருந்தது. என்னன்னு தெரியாம வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். இப்போ தெரியுது. எங்கேயோ ஒரு மூலையில என்னைக் கூப்பிடுவாங்க, கூண்டுல ஏத்துவாங்க, யாராவது ஒரு சின்னப்பய வக்கீல் நீட்டி முழக்கிக் கேட்பான், நான் திக்கித் திணறியாவது சொல்லிடுவேன்னு இருந்தேன் போல. அதையும் சேர்த்து அடைச்சுட்டாங்க. என்னைக் காப்பாத்திட்டாங்க, யார்கிட்ட இருந்து, இந்த ஆள்கிட்ட இருந்தா? இவர் தண்ணி பாட்டிலை எடுத்து, வாய் வைக்காம அண்ணாந்து ஒரு மடக்கு குடிச்சுட்டு, "நீங்களும் குடிங்கம்மா, வெக்கையா இருக்குல்ல"ன்னு என்கிட்ட நீட்டுறார். வேண்டாம்னேன்.

"எதுக்கு அவங்களைப் பார்க்கணும்? பார்த்து என்ன பண்ணப் போறீங்க?" நான்தான் கேட்டேன். குறுக்கு விசாரணை பண்ற திமிர் இல்லை, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு இருந்தது. அவர் யோசிச்சார். "ஒண்ணும் பண்ணப் போறதில்லம்மா. மொகத்தப் பாக்கணும். கேஸு நடந்த ரெண்டு வருசமும் எங்க கூண்டு கடைசில இருக்கும், அந்தம்மா ஜட்ஜப் பாத்து நின்னுக்கிட்டுப் பேசும், எனக்கு முதுகுதேன் தெரியும். கறுப்புக் கோட்டு, ஒரு கொண்ட. ஆறு வருசம் உள்ள கெடந்தேன், கண்ண மூடுனா அந்த முதுகு வந்து நிக்கும். வைய்யலாம்னா மொகம் தெரியல. யாரப் பாத்து வைய? எம்பொண்டாட்டி ரெண்டு வருசம் பாத்துட்டுப் போயிட்டா, அவளச் சொல்லிக் குத்தமில்ல, அவ மொகமாச்சும் ஞாபகம் இருக்கு, அழுதுருக்கேன். எம்மக காளீஸ்வரி, ஆறு வயசுல விட்டுட்டுப் போனது, நான் வெளிய வந்தப்ப அவ என்னைய 'வாங்க'ன்னா. அப்பான்னு சொல்ல அவளுக்கு எட்டு மாசம் ஆச்சு. அவதேன் இந்த மனுவெல்லாம் எழுதுனது. நர்ஸுக்குப் படிக்கிறா. ஏம்ப்பா அப்படிச் செஞ்சாக, ஏம்ப்பாங்குறா. எனக்கென்ன தெரியும்? அதேன் அந்தம்மாட்ட, ஏம்மா அந்தக் காயிதத்த வெக்கலன்னு ஒரே ஒரு வார்த்த." பாசஞ்சர் கூவிக்கிட்டே வந்தது, அவர் பேச்சை நிறுத்திட்டுக் காத்திருந்தார். அது போற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்தேன். பார்க்க மாட்டேன் பார்க்க மாட்டேன்னு இத்தனை வருஷம் தள்ளி வெச்ச முகம். உதட்டோரம் ஒரு பரு. இடது பக்கம் சவரம் சரியா விழலை. காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, இன்னிக்கு நல்ல சேதி வரும்னு சவரம் பண்ணியிருக்கார். ஐயோ, ஐயோ, இந்த மனுஷனை நான் என்ன பண்ணிட்டேன்.

"நான்தான்." ரயில் சத்தம் இன்னும் அடங்கலை, கேட்கலை போல. "என்னம்மா?"ன்னார். முந்தானையைத் தலையில இருந்து இறக்கினேன். "மீனலோசனி. அந்தக் காகிதத்துல இருக்கிறது நான்தான்." அவர் சிரிச்சார் முதல்ல, விளையாடுறேன்னு நினைச்சு, அப்புறம் என் கண்ணைப் பார்த்தார், சிரிப்பு பாதியில நின்னு போச்சு. அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கட்டும்னும் நினைச்சேன். கண்டக்டர் விசில் ஊதி டிரைவரைக் கூப்பிட்டான், கேட் தூக்குறாங்க, பின்னாடி எல்லா வண்டியும் ஹாரன் அடிக்குது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தார், நெத்தி, மூக்கு, கண்ணாடி, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா. அப்புறம், "ஏம்மா?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார், அவர் சொன்ன ஒரே வார்த்தை. மூணு பக்க விளக்கமும் நாக்கு நுனிக்கு வந்து நின்னது, பட்டியல்ல இல்லை, வேலைப்பளு, மனசார நம்பினேன். ஒண்ணையும் எடுக்க முடியலை. "அந்தச் சீட்டு எழுதின டாக்டரை வேற ஜில்லாவுக்கு மாத்திட்டாங்க. அதைக் கோர்ட்ல வைக்கணும்னா அவரைக் கூப்பிடணும். மறுபடி சம்மன் அனுப்பணும், அதுக்குள்ள கோடை லீவு வந்துடும், வழக்கு ஜூனுக்குப் போயிடும், ஜட்ஜும் மாறிடுவார், எல்லாத்தையும் முதல்ல இருந்து எடுத்துச் சொல்லணும். எனக்கு…" வாய் கோணுது, அழுகை வருது, அழக்கூடாது, அழறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை. "எனக்கு அலுப்பா இருந்துச்சு."

"அலுப்பா?" "ஆமா." "ஆரும் சொல்லிச் செய்யலையா? மேலேருந்து, ஆராச்சும்?" "யாரும் சொல்லலை." "மொதலாளி வீட்டுலருந்து ஏதும் குடுத்து?" "இல்ல." "எம்மேல ஏதாச்சும் கோவம்…" அவர் குரல் கெஞ்சுது. ஏதாவது ஒண்ணைக் கொடுங்கன்னு கேட்கிறார், கொடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. "உங்களை எனக்குத் தெரியவே தெரியாது"ன்னேன். பஸ் உறுமிக்கிட்டுக் கிளம்பிடுச்சு, தண்டவாளத்து மேல ஏறிக் குலுங்குது. அவர் அந்தக் காகிதத்தை என் கையில இருந்து வாங்கி, இருந்த மடிப்புலயே மடிச்சு, கவருக்குள்ள போட்டு, பைக்குள்ள வெச்சார். "வண்டிய நிப்பாட்டுங்க, எறங்கணும்"னு கண்டக்டரைப் பார்த்துச் சொன்னார். "கோர்ட்டு ஸ்டாப்பு இன்னும் தூரம் இருக்குய்யா." "கோர்ட்டுக்குப் போகல. நிப்பாட்டுங்க." எழுந்து கம்பியைப் பிடிச்சு, எனக்கு மேல குனிஞ்சார். பீடி வாசனை, காலையில பூசின திருநீறு வாசனை. மெதுவாச் சொன்னார், பக்கத்துப் பொண்ணுக்குக்கூடக் கேட்காம. "பெரிய எடத்துச் சதி, மந்திரி கிந்திரி கை இருக்கும்னு எம்மக நெனச்சுக்கிருக்கு. எங்கப்பனக் கவுக்க அம்புட்டுப் பேரு வேண்டியிருந்துச்சுன்னு கூடப் படிக்கிற பிள்ளைககிட்டச் சொல்லிக்கிருக்கு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒரு நாளும் அதுகிட்ட இதச் சொல்லிறாதீங்க." "சொல்லமாட்டேன்." "சத்தியமா?" பஸ் நின்னுடுச்சு, கண்டக்டர் "எறங்குறவரு எறங்குங்கய்யா"ன்னு கத்துறான். அவர் இறங்காம நிக்கிறார், என் முகத்தைப் பார்த்துக்கிட்டு. "சத்தியமா"ன்னேன்.